சாகுபடிக் குறிப்புகள்: அட்டவணைகளாகப் பிரிப்பதா, ஜேசன் ஆவணமாகவே வைப்பதா?

கோரையாறு (மன்னார்குடி)

எங்கள் பகுதி உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்குச் சாகுபடிப் பதிவு மென்பொருள் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். களப்பணியாளர் வரப்பில் நின்றபடியே கைபேசியில் விவரங்களை நிரப்புகிறார். ஒரு வயலுக்கு, ஒரு பருவத்துக்கு, ஒரு ஜேசன் (புலப்பெயரும் மதிப்புமாக எழுதும் உரை வடிவம்) ஆவணம் சர்வருக்கு வந்து சேர்கிறது. கணக்கு வழக்குகள் ஏற்கெனவே போஸ்ட்கிரெஸில் இருக்கின்றன. அதை விட்டு வேறு தரவுத்தளத்துக்குப் போகும் எண்ணம் இல்லை.

ஆவணத்தின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. குறுவையில் நேரடி விதைப்பு செய்தவருக்கு நாற்றங்கால் என்ற பகுதியே கிடையாது. சம்பா நடவு செய்தவருக்கு நாற்று விட்ட தேதி, பறித்த தேதி, நடவுக் கூலி எல்லாம் உண்டு. கருப்புக் கவுனியும் மாப்பிள்ளைச் சம்பாவும் போடுகிறவர்கள் யூரியா, டிஏபி நெடுவரிசைகளைத் தொடவே மாட்டார்கள். பஞ்சகவ்யம், அமிர்தக்கரைசல் என்று அவர்களுக்குத் தனிப் பட்டியல். ஒருவருக்கு ஒரே சர்வே எண். அடுத்தவரின் ஒரு பட்டாவில் ஏழெட்டு உட்பிரிவுகள். அறுப்புக்குப் பின் கொள்முதல் நிலையத்தில் எத்தனை சிப்பம், ஈரப்பதம் எவ்வளவு என்பதும் இதே ஆவணத்தில் வந்து ஒட்டிக்கொள்கிறது.

இதை அட்டவணைகளாகப் பிரிப்பதா, ஒரே ஜேசன் நெடுவரிசையில் போட்டுவிடுவதா? உள்ளே தரவுத்தளம் இதை எப்படி வைத்துக்கொள்கிறது என்பது புரிந்தால் முடிவெடுக்க எளிதாக இருக்கும்.

வெட்டாறு

பிரித்துவிடுங்கள் தோழர். இந்தக் கேள்வி, அட்டவணைகளாலான தொடர்புசார் தரவுத்தளம் பிறந்த அன்றே எழுந்த கேள்வி. ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970இல் வெளியிட்ட கட்டுரையில் எடுத்துக்கொண்ட உதாரணமே இதுதான்: ஒரு ஊழியர், அவருக்குள் பணி வரலாறு, பணி வரலாற்றுக்குள் சம்பள வரலாறு, பக்கத்தில் பிள்ளைகள் பட்டியல். அன்றைய தரவுத்தளங்கள் அதை மரமாகவே வைத்திருந்தன. அந்த மரத்தின் ஒவ்வொரு கிளையையும் தனி அட்டவணையாக வெளியே எடுத்து, தாய் அட்டவணையின் திறவுகோலை அதில் சேர்த்துவிடலாம் என்று அவர் காட்டினார். உங்கள் வயல் ஆவணத்திலும் அதே அமைப்புத்தான்: உறுப்பினர், பட்டா, உட்பிரிவு, பருவம், இடுபொருள், கொள்முதல்.

பிரித்து வைத்தால், இல்லாத உறுப்பினரின் பெயரில் கொள்முதல் பதிவு நுழைய முடியாது. ஜேசனுக்குள் இருக்கும் எண்ணுக்கு ஃபாரின் கீ (வேறு அட்டவணையின் திறவுகோலைச் சுட்டும் கட்டுப்பாடு) போட முடியாது. பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் அந்தக் காவல் இல்லாமல் இருப்பதை என்னால் ஏற்க முடியாது.

பாமணி

நான் எதிர்ப்பக்கம். ஒவ்வொரு பருவத்திலும் வேளாண் அலுவலர் ஒரு புதுக் கேள்வியைச் சேர்க்கச் சொல்வார். ஒவ்வொரு முறையும் அட்டவணையை மாற்றி, செயலியை மாற்றி, பழைய கைபேசிகளில் இருக்கும் பழைய பதிப்பையும் சமாளிக்க வேண்டும். போஸ்ட்கிரெஸில் 9.4ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2014 முதல், ஜேசன்பி வகை இருக்கிறது. வருவதை அப்படியே அதில் போடலாம், உள்ளே தேடலாம், விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸும் உண்டு. ஆறேழு அட்டவணைகளை இணைத்து ஒரு வயலின் கதையைத் திரட்டுவதைவிட ஒரே வாசிப்பில் முழு ஆவணமும் கைக்கு வருவது மேல்.

ஓடம்போக்கி (திருவாரூர்)

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. தம்பி உள்ளமைப்பைக் கேட்டிருக்கிறார். அதைச் சொல்கிறேன், முடிவு தானாகத் தெளியும்.

போஸ்ட்கிரெஸில் இரண்டு வகைகள் உண்டு. 2012இல் 9.2ஆம் பதிப்பில் வந்த ஜேசன் வகை, நீங்கள் கொடுத்த எழுத்துகளை அப்படியே வைத்துக்கொள்கிறது. இடைவெளி, புலங்களின் வரிசை, ஒரே புலப்பெயர் இருமுறை வந்திருந்தால் அந்த இரண்டும் எதுவும் மாறாது. ஆனால் உள்ளே இருக்கும் ஒரு மதிப்பைக் கேட்கும்போதெல்லாம் முழு உரையையும் முதலிலிருந்து படித்துப் பிரிக்க வேண்டும்.

ஜேசன்பி வேறு. உள்ளே வரும்போதே உரையைப் பிரித்து இருமக் கட்டமைப்பாக மாற்றிவிடுகிறது. தலைப்பில் எத்தனை உறுப்புகள் என்ற எண்ணிக்கை. அடுத்து ஒவ்வொரு புலப்பெயருக்கும் மதிப்புக்கும் நான்கு பைட்டில் ஒரு சிறு குறிப்பு. அதற்குப் பின்னால் தரவு. புலப்பெயர்கள் அகரவரிசையில் இருக்காது. முதலில் பைட் நீளப்படி, நீளம் ஒன்றானால் பைட் மதிப்புப்படி அடுக்கப்படும். அதனால்தான் நீங்கள் அனுப்பிய வரிசையில் ஆவணம் திரும்பி வருவதில்லை. இப்படி அடுக்கியிருப்பதால் ஒரு புலத்தைத் தேடும்போது பாதி பாதியாகத் தாண்டிப் போகலாம். ஒரே பெயர் இருமுறை வந்தால் கடைசி மதிப்பு மட்டும் நிற்கும்.

இந்த வடிவம் உருவான விதத்தையும் சொல்லத்தான் வேண்டும். 9.4இன் சோதனைப் பதிப்பில் அந்த நான்கு பைட் குறிப்புகளில் ஒவ்வொரு உறுப்பும் எங்கே முடிகிறது என்ற இடத்தை எழுதிவைத்தார்கள். தேட அது வேகமாக இருந்தது. ஆனால் அந்த எண்கள் ஏறிக்கொண்டே போவதால் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. போஸ்ட்கிரெஸின் சுருக்கும் முறைக்குப் பிடி கிடைக்கவில்லை, பெரிய ஆவணங்கள் சுருங்காமலே நின்றன. வெளியிடும் முன் அதை மாற்றினார்கள். பெரும்பாலான குறிப்புகளில் நீளத்தை மட்டும் எழுதி, 32 குறிப்புகளுக்கு ஒருமுறை இடத்தை எழுதினார்கள். சுருங்கவும் செய்கிறது, தேடலும் தாமதப்படவில்லை. சோதனையில் கண்டறிந்து, வெளியீட்டையும் தள்ளிவைத்துச் சரிசெய்த அந்தப் பொறுமை எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இனி உங்கள் வயலுக்கு வருவோம். அட்டவணையில் நெடுவரிசையின் பெயர் ஒரே ஓர் இடத்தில்தான் எழுதப்படும். ஜேசன்பியில் ஒவ்வோர் ஆவணத்திலும் புலப்பெயர் முழுதாகத் திரும்ப எழுதப்படும். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். 'ஈரப்பதம்' என்ற பெயரில் எட்டுக் குறியீடுகள், ஆக 24 பைட். அதில் இருக்கப்போகும் மதிப்பு 16.5 போன்ற ஒரு சிறிய எண். மதிப்பைவிடப் பெயர் பெரிது, அதுவும் ஒவ்வொரு வரிசையிலும்.

சுருக்கிவிடுமே என்று நினைக்கலாம். போஸ்ட்கிரெஸ் 8 கிலோபைட் பக்கங்களில் தரவை வைக்கிறது. ஒரு வரிசை ஏறத்தாழ 2 கிலோபைட்டைத் தாண்டினால்தான் சுருக்கத் தொடங்கும். அதற்கும் அடங்காவிட்டால் தனி அட்டவணைக்குத் துண்டுகளாக அனுப்பும். நானூறு ஐந்நூறு பைட்டில் நிற்கும் சிறிய ஆவணங்கள் சுருக்கத்தின் பக்கமே போவதில்லை.

மாற்றுவதும் அப்படியே. ஜேசன்பிக்குள் ஒரே ஒரு புலத்தை மாற்றினாலும் முழு ஆவணமும் புதிதாக எழுதப்படும். 'பணம் வரவு வைக்கப்பட்டதா' என்பது போல அடிக்கடி மாறும் ஒன்று ஆவணத்துக்குள் இருந்தால், அது மாறும் ஒவ்வொரு முறையும் நாற்றங்கால் தேதியிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எழுதுகிறீர்கள். அதே நிலையைத் தனி நெடுவரிசையாக வெளியே எடுத்தால், தனி அட்டவணைக்குப் போய்விட்ட பெரிய ஆவணத்தைத் தொடாமலே வரிசையை மட்டும் புதுப்பிக்கும்.

பாமணி

அக்கா, விளக்கத்துக்கு நன்றி. ஒரு சந்தேகம். ஜேசன்பி நெடுவரிசைக்கு ஜின் இண்டெக்ஸ் இருந்தும், ஈரப்பதம் 17-க்கு மேல் உள்ள பதிவுகளைக் கேட்டால் முழு அட்டவணையையும்தான் படிக்கிறது. ரகம் சி.ஆர். 1009 என்று தேடினாலும் அப்படியே. ஏன்?

ஓடம்போக்கி (திருவாரூர்)

இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

ஜின் இண்டெக்ஸ் ஓர் ஆவணத்தைப் புலப்பெயர்களும் மதிப்புகளுமாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எந்தெந்த வரிசைகளில் இருக்கிறது என்று குறித்துவைக்கும். 'இந்தத் துண்டு ஆவணம் அதற்குள் அடங்கியிருக்கிறதா' என்று கேட்டால் உடனே பதில் வரும். நீங்கள் ரகத்தை இரட்டை அம்புக்குறியால் (->>) உரையாக வெளியே எடுத்து, பிறகு சமக்குறி போட்டு ஒப்பிட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கேள்வி ஜின் இண்டெக்ஸுக்குப் புரியாது. அடங்கியிருக்கிறதா என்று கேட்கும் குறியை (@>) கொண்டு அதே கேள்வியை எழுதுங்கள், மாற்றம் தெரியும். அடங்கல் கேள்வி மட்டுமே போதுமென்றால் பாதை அடிப்படையிலான ஜின் வகையைப் பயன்படுத்தலாம். புலத்தின் பாதையையும் மதிப்பையும் சேர்த்து ஒரே ஹாஷாக (சுருக்க எண்ணாக) வைப்பதால் அது பொதுவாகச் சிறியது. ஆனால் 'இந்தப் புலம் இருக்கிறதா' என்ற கேள்விக்கு அது உதவாது.

ஈரப்பதம் 17-க்கு மேல் என்பது அளவு ஒப்பீடு. ஜின்னுக்கு அதைப் பயன்படுத்தத் தெரியாது. ஈரப்பதத்தை எண்ணாக எடுத்துத் தரும் கோவையின்மேல் (எக்ஸ்பிரஷன்), மதிப்புகளை வரிசைப்படுத்தி வைக்கும் ஒரு பி-ட்ரீ இண்டெக்ஸ் போட வேண்டும். அதில் இன்னொரு பயனும் உண்டு. சாதாரண நெடுவரிசைக்கு, எந்த மதிப்பு எவ்வளவு பரவலாக வருகிறது என்ற புள்ளிவிவரத்தைப் போஸ்ட்கிரெஸ் சேகரித்துவைத்து, அதைக் கொண்டு தேடும் வழியைத் திட்டமிடுகிறது. ஆவணத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு புலத்துக்கும் அப்படிச் சேகரிப்பதில்லை; குத்துமதிப்பாக ஒரு விகிதத்தை வைத்துக்கொள்கிறது. இணைப்பு வினவல்கள் திடீரென்று மெதுவாவதற்கு இது பெரிய காரணம். கோவை இண்டெக்ஸ் இருந்தால் அந்தக் கோவைக்கும் புள்ளிவிவரம் சேரும்.

இப்படி இண்டெக்ஸ் போட்டுக் காக்க வேண்டிய அளவுக்கு ஒரு புலம் முக்கியமானால், அது நெடுவரிசையாகவே இருக்கத் தகுதி பெற்றுவிட்டது என்பது என் கருத்து.

அரசலாறு (கும்பகோணம்)

வயல் ஆவணத்தைப் பற்றிய பேச்சில் கல்வெட்டைக் கொண்டுவருவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆவணம் என்ற சொல்லுக்குள் இரு வேறு பொருள்கள் கலந்து கிடக்கின்றன என்பதைக் காட்ட எனக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் வெட்டுவித்த தளிச்சேரிக் கல்வெட்டு எல்லோரும் அறிந்தது. பல தளிகளிலிருந்து (கோயில்களிலிருந்து) கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட 400 பெண்டுகளின் பட்டியல் அது. எந்தத் தெரு, எந்தச் சிறகு (தெருவின் பக்கம்), எத்தனையாவது வீடு, அவர் பெயர், எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தவர், எத்தனை பங்கு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். இவ்வளவு ஒழுங்கான பட்டியலை அட்டவணையாக்க வெட்டாறு நண்பருக்கு ஒரு மாலைப்பொழுது போதும். திருவாரூரிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் அட்டவணை நொடியில் சொல்லும்.

அதே கல்வெட்டைப் படிப்பாக, அதாவது கல்லிலிருந்து வாசித்தெடுத்த உரையாகப் பாருங்கள். கல்லில் வரி ஒரு பெயரின் நடுவில் முறிகிறது. ஓரிடத்தில் எழுத்து சிதைந்திருக்கிறது. இன்னோரிடத்தில் பதிப்பாசிரியர் ஊகித்து ஓர் எழுத்தை அடைப்புக்குள் இட்டிருக்கிறார். இவற்றைக் குறிக்க உலகெங்கும் கல்வெட்டாய்வாளர்கள் எபிடாக் என்ற எக்ஸ்எம்எல் (உரைக்குள்ளேயே குறிச்சொற்களை இடும் வடிவம்) முறையைப் பயன்படுத்துகிறார்கள். அங்கே உரையும் குறியீடும் பின்னிக் கிடக்கும், முன்பின் வரிசையே பொருள். அட்டவணையின் வரிசைகளுக்கு இயல்பாக முன்பின் கிடையாது. எனவே படிப்பை அட்டவணையில் சிதறவிட்டால் ஒவ்வொரு துண்டுக்கும் தாய் எண்ணும் வரிசை எண்ணும் கொடுக்க வேண்டும். நடுவில் ஒரு எழுத்தைச் சேர்த்தால் அடுத்தவற்றின் எண்களெல்லாம் நகரும்.

மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் 2005 இந்தச் சிக்கலை அழகாகத் தீர்த்தது. அதன் எக்ஸ்எம்எல் இண்டெக்ஸ் ஒவ்வொரு கணுவையும் ஒரு வரிசையாக எழுதி, மரத்தில் அதன் இடத்தைக் காட்டும் எண்வரிசை ஒன்றைக் கொடுக்கிறது. முதலில் ஒற்றைப்படை எண்களை மட்டும் தருவார்கள். இடையில் எதையாவது செருக வேண்டி வந்தால் நடுவில் இருக்கும் இரட்டைப்படை எண் கைகொடுக்கும். பழைய எண் எதுவும் மாற வேண்டியதில்லை. ஐபிஎம்மின் டிபி2, 2006இல் வந்த ஒன்பதாம் பதிப்பில் வேறு வழியில் போனது. எக்ஸ்எம்எல்லை வரிசைகளாக உடைக்காமல், பிரித்த மரத்தை மரமாகவே பக்கங்களில் வைத்தது. ஆரக்கிளின் எக்ஸ்எம்எல் வகை, உரையாக வைப்பது, அட்டவணைகளாக உடைப்பது, இரும வடிவில் வைப்பது என்று காலப்போக்கில் மூன்றையும் தந்தது.

போஸ்ட்கிரெஸின் எக்ஸ்எம்எல் வகை எளிமையானது. அதற்கு ஒப்பீட்டுக் குறிகளே இல்லை, எனவே நேரடியாக இண்டெக்ஸ் போட முடியாது. எக்ஸ்பாத் என்ற பாதை மொழி மூலம் ஒரு பகுதியை உரையாக எடுத்து அதன்மேல்தான் போடலாம். எனக்கு அது போதுமானதாக இருக்கிறது. படிப்பு முழுவதும் ஒரு நெடுவரிசையில் எக்ஸ்எம்எல்லாக. அரசர், ஆட்சியாண்டு, ஊர், நிலத்தின் அளவு ஆகியவை தனி நெடுவரிசைகளில். பட்டியலாக இருப்பது தனி அட்டவணையில், எந்த வரியிலிருந்து எடுத்தது என்ற குறிப்போடு.

தம்பி கோரையாறு, உங்கள் ஆவணத்திலும் இதே இரண்டும் இருக்கின்றன. வயலைப் பற்றிய உண்மைகள் ஒரு பக்கம். அன்று வரப்பில் நின்று ஒருவர் சொல்லியதும் இன்னொருவர் எழுதியதுமான பதிவு மறுபக்கம். முன்னதை உடையுங்கள், பின்னதை உடைக்காதீர்கள்.

வெட்டாறு

ஐயா சொல்வது மனத்தைத் தொடுகிறது, ஆனாலும் ஒரு தடை. ஒரே செய்தியை இரண்டு இடத்தில் வைத்தால் ஒருநாள் இரண்டும் முரண்படும். அட்டவணையில் 62 சிப்பம், ஆவணத்தில் 60 சிப்பம் என்றால் எதை நம்புவது? உறுப்பினருக்கு எதன்படி பணம் கொடுப்பது?

அரசலாறு (கும்பகோணம்)

பணம் அட்டவணைப்படி. ஆவணம் யாராலும் திருத்தப்படாது. வந்தது வந்தபடி நிற்கும். திருத்தம் அட்டவணையில் மட்டும் நடக்கும், யார் எப்போது ஏன் திருத்தினார் என்ற குறிப்போடு. அப்போது 60 என்பது களத்தில் எழுதப்பட்டது, 62 என்பது ரசீதைப் பார்த்துச் சரிசெய்யப்பட்டது என்று இரண்டும் பேசும். முரண்பாடு தெரியாமல் மறைவதைவிடத் தெரியும்படி நிற்பது விவசாயிக்கு நல்லது. எடையைப் பற்றிய வழக்கில் அவர் கையில் வேறு சான்று இருப்பதில்லை.

ஓடம்போக்கி (திருவாரூர்)

ஐயாவை வழிமொழிகிறேன். அப்படியானால் அந்தச் சான்று நெடுவரிசைக்கு ஜேசன்பி கூடாது. அது வரிசையை மாற்றும், இரட்டைப் புலத்தை விழுங்கும். எழுத்து மாறாமல் வைக்கும் ஜேசன் வகையோ சாதாரண உரை வகையோதான் பொருந்தும். ஆளுக்கு ஆள் மாறும் இடுபொருள் குறிப்புகளை நீங்கள் தேட வேண்டியிருக்கும். அவற்றை மட்டும் ஜேசன்பியில் தனியாக வையுங்கள்.

வெற்று மதிப்பிலும் கவனம் வேண்டும். நேரடி விதைப்புக்காரரின் ஆவணத்தில் நாற்றங்கால் புலமே இல்லை. நடவு செய்து தேதி மறந்தவரின் ஆவணத்தில் புலம் இருக்கிறது, மதிப்பு நல் (வெற்று). உரையாக எடுத்தால் இரண்டுமே எஸ்கியூஎல் நல் ஆகத் திரும்பும், வேறுபாடு தெரியாது. புலம் இருக்கிறதா என்று தனியாகக் கேட்டால்தான் தெரியும். சாகுபடி முறை என்பதை நெடுவரிசையாக்கிவிட்டால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

குடமுருட்டி

போஸ்ட்கிரெஸ் அல்லாதவர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. மைஎஸ்கியூஎல் 2015இல், 5.7ஆம் பதிப்பில், ஜேசன் வகையை இருமக் கட்டமைப்பாகக் கொண்டுவந்தது. அந்த நெடுவரிசைக்கு நேரடியாக இண்டெக்ஸ் போட முடியாது. உள்ளிருந்து கணக்கிட்டு எடுக்கப்படும் நெடுவரிசை ஒன்றை உருவாக்கி அதன்மேல் போடலாம். 8.0இல் சில மாற்றங்களை முழு ஆவணத்தையும் திரும்ப எழுதாமல் அதே இடத்தில் செய்யும் வசதியும் வந்தது. எஸ்கியூஎல் சர்வர் 2016 ஜேசனைச் சாதாரண உரை நெடுவரிசையில் வைத்து, படிக்கவும் மாற்றவும் சார்புகளைத் தந்தது. உங்கள் கைபேசிச் செயலிக்குள் இருப்பது பெரும்பாலும் எஸ்கியூலைட்டாக இருக்கும். அதற்கும் 2024 ஜனவரியில் 3.45ஆம் பதிப்பில் ஜேசன்பி வந்தது. பெயர் ஒன்று, வடிவம் வேறு. போஸ்ட்கிரெஸின் ஜேசன்பி பைட்டுகளோடு அது பொருந்தாது. கைபேசிக்கும் சர்வருக்கும் இடையே உரை வடிவ ஜேசனையே அனுப்புங்கள்.

கோரையாறு (மன்னார்குடி)

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இப்படி அமைக்கப்போகிறேன். உறுப்பினர், பட்டா, உட்பிரிவு, பருவச் சாகுபடி, கொள்முதல் ஆகிய ஐந்தும் அட்டவணைகள். சர்வே எண்ணும் உட்பிரிவும் எண் வகையில் அல்ல, உரை வகையில். 112/3அ1 போன்றதை எண்ணாக்க வழியில்லை. கொள்முதலில் சிப்பம், எடை, ஈரப்பதம், பணம் வந்த நிலை எல்லாம் நெடுவரிசைகள். சாகுபடி அட்டவணையில் இடுபொருளுக்கு ஒரு ஜேசன்பி நெடுவரிசை. வந்த ஆவணம் எழுத்து மாறாமல் தனி அட்டவணையில், திருத்த அனுமதி யாருக்கும் இல்லாமல்.

பரப்பளவில்தான் ஐயா சொன்னது உடனே உதவியது. பெரியவர்கள் மூன்று மா என்கிறார்கள், இளையவர்கள் ஒரு ஏக்கர் என்கிறார்கள், பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் இருக்கின்றன. ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட் என்பதால் மூன்று மாவும் ஒரு ஏக்கரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அந்தக் கிட்டத்தட்டவில் உரக் கணக்கு மாறிவிடுகிறது. அவர் சொன்ன அளவு ஆவணத்தில் அப்படியே இருக்கும், பட்டாவின்படியான ஏர் கணக்கு நெடுவரிசையில் இருக்கும்.

ஒரே கேள்வி மிச்சம். புலப்பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாமா?

பாமணி

வைக்கலாம். களப்பணியாளருக்கும் பின்னால் வரும் நிரலருக்கும் அதுதான் நல்லது. இரண்டு செய்திகளை மட்டும் மனத்தில் வையுங்கள். அட்டவணை, நெடுவரிசைப் பெயர்களுக்குப் போஸ்ட்கிரெஸில் எல்லை 63 பைட். தமிழில் அது 21 குறியீடுகள், அதைத் தாண்டினால் வெட்டிவிடும். மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் எதிர்பார்ப்பதைவிடச் சீக்கிரம் எல்லை வந்துவிடும். ஜேசனின் புலப்பெயருக்கு அந்த எல்லை இல்லை.

இரண்டாவது, கொம்பு. 'கொள்முதல்' என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலும் என்று இரு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஜேசன்பி பைட்டுகளைத்தான் ஒப்பிடும். அதற்கு இவை இரண்டு வெவ்வேறு புலங்கள். ஒரு விசைப்பலகை ஒரு விதமாகவும் இன்னொன்று வேறு விதமாகவும் அனுப்பினால் பாதிப் பதிவுகள் தேடலில் அகப்படாது. போஸ்ட்கிரெஸ் 13இலிருந்து யூனிகோடு சீராக்கும் சார்பு உள்ளேயே இருக்கிறது. சான்று ஆவணத்தைத் தொடாமல் விட்டுவிட்டு, அட்டவணைக்கும் ஜேசன்பிக்கும் போகும் எல்லா உரையையும் அதன் வழியாக அனுப்புங்கள். உறுப்பினர் பெயர்களுக்கும் சேர்த்துத்தான். கோவிந்தராசு, தோப்புத்துறை போன்ற எல்லாவற்றிலும் இதே சிக்கல் உண்டு.